பொதிகை ஏறுமுன் பரண் ஏறினேன்

கடந்த புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமையன்று திருக்குறுங்குடி மலை நம்பி கோயிலுக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, பாதி வழியில் என் வலது கால் ஷூ வாயைப் பிளந்தது. முதலில் குதிகாலுக்குக் கீழே ஏதோ கல் மாட்டிக்கொண்டது போலிருந்தது. குனிந்து பார்த்தால், அடிப்பகுதி முழுவதும் தளர்ந்து, எடுத்து வைக்கும் ஒவ்வோர் எட்டுக்கும் பாதையைத் தட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நூறு அடிக்குள் ரப்பர் சோல் தனியே கழன்று எனக்குப் பின்னால் கிடந்தது. அது ஒட்டியிருந்த இடத்தைத் தொட்டேன். மழைக்காலத்தில் கசிந்துபோன கருப்பட்டி உதிர்வதைப் போலச் சாம்பல் நிறத் துகள்கள் உதிர்ந்து நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டன. இடது கால் ஷூ கோயிலுக்குச் சற்று முன்னால் அதே வழியில் போயிற்று.

ஜீப் ஓடுகிற பாதைதான் அது. ஆனாலும் சக்கரம் அரைத்துப் போட்ட கூரான கற்களின் மேல் சோல் இல்லாத ஷூவுடன் இறங்குவது எளிதன்று. அர்ச்சனைத் தேங்காய் கட்டி வந்த சணல் கயிற்றை ஒரு குடும்பத்தார் கொடுத்தார்கள். அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நொண்டியபடி இறங்கினேன். வெறுங்காலோடு எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்த ஓர் ஆச்சி திரும்பிப் பார்த்து, “கழத்திக் கையில பிடிச்சிட்டு வெறுங்காலா நட தம்பி, நம்பி பாத்துக்கிடுவாரு” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். அவர் வயது எழுபதுக்குக் குறையாது.

அந்த ஷூவை 2016-இல் வாங்கினேன். நல்ல விலை. மேல்தோல் இன்றைக்கும் பளபளப்பாக இருக்கிறது. ரப்பர் அடியின் வெட்டுகள் பாதிகூடத் தேயவில்லை. எல்லாப் பயணங்களையும் கூட்டிப் பார்த்தாலும் அது 150 கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்காது. இவ்வளவு குறைவாக உழைத்த பொருள் எப்படி இப்படிப் போகும் என்ற கோபத்தோடு, மறுநாளே பாளையங்கோட்டையில் வேப்பமர நிழலில் கடை போட்டிருக்கும், நான் வழக்கமாகத் தைக்கக் கொடுக்கும் அண்ணாச்சியிடம் இரண்டு ஷூவையும் இரண்டு சோலையும் கொண்டுபோய் வைத்தேன். அவர் ஊசியைக்கூடக் கையில் எடுக்கவில்லை. கட்டை விரலால் நடுப்பகுதியை ஒரு முறை அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. “இது ஒட்டுனா நிக்காது தம்பி. மேல தோலும் நல்லாத்தான் இருக்கு, கீழ ரப்பரும் நல்லாத்தான் இருக்கு. நடுவுல உள்ள பஞ்சுலா மக்கிப் போச்சு. சொல்யூசன எதுல போய்த் தடவ?” என்றார்.

பிறகு வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது, வேதியியல் சொல்வதும் அண்ணாச்சி சொன்னதும் ஒன்றாகவே இருந்தன. தோலுக்கும் ரப்பருக்கும் இடையில் மெத்தை போல இருக்கும் நடு அடுக்கைப் பல மலை ஷூக்களில் பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருளால் செய்கிறார்கள். மெத்தென்று இருக்கும், எடை தாங்கும், ஆண்டுக்கணக்கில் அமுங்காது. ஆனால் காற்றில் உள்ள ஈரம் அதனுள் புகுந்து, அந்த நுரையின் மூலக்கூறுச் சங்கிலிகளைச் சிறிது சிறிதாக அறுத்துக்கொண்டே இருக்கும். நீராற்பகுப்பு என்று பள்ளியில் படித்த அதே வினைதான். வெப்பமும் ஈரப்பதமும் கூடக்கூட அதன் வேகமும் கூடும். ஷூவை அடிக்கடி போட்டு நடந்தால் நுரை அமுங்கி விரிந்து உள்ளே தங்கிய ஈரம் வெளியேறும் என்றும், போடாமல் மூடி வைத்தால்தான் கேடு விரைவில் வரும் என்றும் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். நானோ பத்திரப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு, பாலித்தீன் பையில் சுற்றி, காற்றுப் புகாமல் முடிச்சுப் போட்டு, கான்கிரீட் கூரைக்கு ஒரு முழம் கீழே உள்ள பரணில் ஏற்றி வைத்திருந்தேன். சித்திரை வெயிலில் அந்தப் பரணுக்குள் கை வைத்தால் அடுப்படிச் சுவரைத் தொட்டது போலிருக்கும். போதாக்குறைக்கு, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த 2023 டிசம்பர் மழையில் எங்கள் வீட்டுப் பரண் சுவர் ஓதம் ஏறி ஒரு மாதம் காயாமல் கிடந்தது. ஆக, என் ஷூவைக் கொன்றது மலையல்ல, பரண்தான்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் பொதிகை. எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்த மலையின் மேல் ஓர் உரிமை உண்டு; தாமிரபரணி அங்கிருந்துதான் வருகிறது, மழை விட்ட காலைகளில் அம்பாசமுத்திரம் பக்கத்து வயல்வெளிகளில் நின்றால் மேற்கே நீலமாக நிற்கும். ஆனால் 1868 மீட்டர் உயரமுள்ள அந்த அகத்தியர் மலைக்குப் பாபநாசம் வழியாக ஏற முடியாது. இந்தப் பக்கம் முழுவதும் 1988-இல் அமைக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போய், விதுரை தாண்டிப் பொனக்காட்டில் இறங்கி, கேரள வனத்துறையின் அனுமதிச் சீட்டோடுதான் ஏற வேண்டும். சன்னலைத் திறந்தால் தெரிகிற மலைக்கு ஊரைச் சுற்றிப் போகிற வேடிக்கை இது. முதல் நாள் முழுவதும் நடந்து அதிருமலை முகாம்; இரண்டாம் நாள் உச்சிக்குப் போய் முகாமுக்குத் திரும்புதல்; மூன்றாம் நாள் இறக்கம். உச்சிக்கு அருகில் வழுக்குப் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய இடங்களும் உண்டு. மலை நம்பி பாதையில் சோல் கழன்றால் ஜீப்பை நிறுத்தி ஏறிக்கொள்ளலாம். அங்கே அது நடக்காது.

அந்தச் சீட்டுக்கான முன்பதிவு பொங்கலை ஒட்டித்தான் நடக்கும். சீட்டு கிடைத்த பிறகு பொருள் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால், புது ஷூவைக் காலுக்குப் பழக்க நாள் இருக்காது. எனவே சீட்டு கிடைக்குமா கிடைக்காதா என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஐப்பசி அடைமழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறி, இருந்த அனைத்தையும் கீழே இறக்கினேன். தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, எத்தனை ஆண்டு மேலே கிடந்தது என்ற கணக்கில் ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

முதலில் 50 லிட்டர் முதுகுப்பை. வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. திறந்தவுடன் புளித்த வாடை ஒன்று முகத்தில் அடித்தது. கையை உள்ளே விட்டால் பலாப்பழம் அரிந்த கையைப் போல ஒட்டியது. துணியின் உட்புறத்தில் தண்ணீர் புகாமலிருக்கப் பூசிய பூச்சும் ஷூவில் மக்கிய அதே பாலியூரித்தேன்தான் என்பது அப்போது புரிந்தது. ஷூவில் அது தூளாக உதிர்ந்தது, பையில் பிசினாகக் கசிந்தது, நோய் ஒன்றே. ஆனால் பையைத் தூக்கி எறிய மனம் வரவில்லை, எறிய வேண்டிய தேவையும் இல்லை. பூச்சு போனாலும் நைலான் துணி போகவில்லை. தையல்களை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், ஓரிடத்திலும் விடவில்லை. வெதுவெதுப்பான நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஓர் இரவு ஊற வைத்து, மறுநாள் பழைய பல்துலக்கியால் தேய்த்துத் தேய்த்துப் பூச்சையே உரித்து எடுத்துவிட்டேன். இப்போது அது மழையைத் தடுக்காத வெறும் பை. மழைக்கு, வாயைச் சுருட்டிக் கட்டும் நீர்புகாப் பை ஒன்று வாங்கி உள்ளே வைத்துக்கொண்டேன். உடுப்பு அதற்குள் இருக்கும் வரை வெளிப்பை நனைந்தால் என்ன?

பையின் ஜிப் கதை தனி. மூடினால் பின்னால் பிளந்துகொண்டே வரும். ஜிப் போய்விட்டது என்று நாம் எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் பல் வரிசை நன்றாகவே இருக்கும்; தேய்ந்து அகன்றுபோவது அதன் மேல் ஓடும் ரன்னர்தான். டவுனில் பை தைக்கும் கடையில் இரண்டு ரன்னர் மாற்றக் கால் மணி நேரமும் எண்பது ரூபாயும் ஆயின. இடுப்புப் பட்டையின் கிளிப் ஒன்றில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்ததை அந்தக் கடைக்காரர்தான் விளக்கொளியில் காட்டினார். பாதி மலையில் அது உடைந்தால், பன்னிரண்டு கிலோ பாரமும் இடுப்பை விட்டுத் தோளுக்கு ஏறும். அதையும் மாற்றினேன்.

மழைக்கோட்டை ஏமாற்றுக்காரன் என்றுதான் சொல்ல வேண்டும். தேய்மானம் இல்லை, கிழிசல் இல்லை. குளியலறையில் அதைப் போட்டுக்கொண்டு பூவாளிக் குழாயின் கீழ் ஐந்து நிமிடம் நின்றேன். தோள்பட்டைத் தையல் வழியாக இரண்டு கையிலும் தண்ணீர் இறங்கியது. தையல் துளைகளை மூட உட்புறத்தில் ஒட்டியிருந்த நாடா, பழைய சுவரொட்டியைப் போலப் பிரிந்து தொங்குகிறது. துணியின் மேல் தண்ணீர் முத்தாக உருளாமல் ஊறுவது மட்டும்தான் குறை என்றால், சோப்புத்தூள் எச்சம் போக அலசிக் காயவைத்து மிதமான சூடு காட்டினாலே மேற்பூச்சு ஓரளவு உயிர் பெறும். நாடா பிரிந்த பிறகு அந்த வைத்தியம் பலிக்காது. அதற்குப் பதிலாகப் பையையும் சேர்த்து மூடும் போஞ்சோ ஒன்று வாங்கினேன். நம் மலைகளின் புழுக்கத்தில் இறுக்கமான மழைக்கோட்டுக்குள் நடந்தால் மழையில் நனையாதவன் வியர்வையில் நனைவான். போஞ்சோவில் கீழிருந்து காற்று வரும். உச்சியில் அடிக்கும் காற்றில் அது பாய்மரம் போலப் படபடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நெற்றி விளக்கைத் திறந்தபோது பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. அல்கலைன் பேட்டரியிலிருந்து வரும் அந்தப் பூப்பு காரம். பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் நுரைத்துக்கொண்டு வந்துவிடும். துடைத்தேன். ஆனால் உள்ளே இருந்த சுருள்வில் அரித்து, துடைத்த பஞ்சோடு கையில் வந்தது. முழுத் தவறும் என்னுடையது. பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்திருந்தால் அந்த விளக்கு இன்னும் பத்தாண்டு எரிந்திருக்கும்.

அட்டைக்கு எதிரான துணிக் காலுறைகளில் துணி சரியாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே இறுக்கும் எலாஸ்டிக்தான் இழுத்தால் நீண்டு அப்படியே நின்றது. தெருமுனைத் தையல்காரரிடம் புது எலாஸ்டிக் வைத்து வாங்கிக்கொண்டேன். தை மாதத்தில் அட்டை குறைவு என்பார்கள். பசுமைமாறாக் காட்டுக்குள் ஓடைக் கரையில் நிற்கும்போது அந்த நம்பிக்கை எனக்கு இருப்பதில்லை. புகையிலைத் தண்ணீர், சுண்ணாம்பு, உப்பு என்று ஊருக்கொரு வைத்தியம் இருக்கிறது, நானும் எல்லாவற்றையும் பூசிப் பார்த்திருக்கிறேன். ஓடையில் இறங்கி ஏறினால் அத்தனையும் கழுவிக்கொண்டு போய்விடும். நெருக்கி நெய்த துணி போவதில்லை.

முதலுதவிப் பையைக் கொட்டிப் பார்த்தேன். பிளாஸ்திரியில் பசை இல்லை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் கெடு தாண்டிக் கட்டியாகியிருந்தன, கிரேப் பேண்டேஜ் இழுவை இழந்து வெறும் துணிப்பட்டையாகியிருந்தது. மொத்தமும் புதிது. நீட்டிச் சுருக்கும் நடைக்கம்பு, திருகிப் பூட்டும் இடத்தில் அலுமினியம் பூத்துப் பிடித்துக்கொண்டதால், நீளவும் மாட்டேன் என்கிறது, சுருங்கவும் மாட்டேன் என்கிறது. நல்ல வேளையாக மூங்கில் கம்புக்கு இந்தத் தொல்லை கிடையாது.

படுக்கை விரிப்பைப் பற்றி மட்டும் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. நுரை விரிப்பு வெந்த அப்பளம் போலத் தட்டையாகி, படுத்தால் தரையின் ஒவ்வொரு பருக்கையும் விலாவில் தெரிந்தது. புது விரிப்பு வாங்கப் போகிறேன் என்றதும் அம்மா, பத்தமடைப் பாய் ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் போட்டார். “ஆத்தங்கரைக் கோரையில நெஞ்ச பாயி இருக்கும்போது ரப்பர்ல படுக்கப் போறியாக்கும்?” பாயின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை: கையளவாகச் சுருளும், பிசுபிசுக்காது, புழுக்கத்துக்கு அதைப் போன்ற படுக்கை வேறில்லை. ஆனால் குளிர்ந்த தரையின் சில்லிப்பை அது தடுக்காது. உடம்புச் சூட்டைத் தரைக்கு விடாமல் காக்க, உள்ளே காற்று அடைபட்ட தடிமன் வேண்டும். கடைசியில் மெல்லிய நுரை விரிப்பு ஒன்றை வாங்கி, மேலே விரிக்கப் பாயையும் எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டேன். எடை கூடுகிறதே என்று கேட்காதீர்கள். கேட்டால் அம்மாவிடம் அனுப்பிவிடுவேன்.

கூடாரத்தை நான் பிரிக்கவே இல்லை. முகாமில் கொட்டகை உண்டு, நம் பக்கத்துக் காப்புக்காட்டுக்குள்ளோ தங்கவே விடமாட்டார்கள். அது பரணிலிருந்து கட்டிலுக்கடியில் இடம் மாறியதோடு சரி.

இனி ஷூ. கால் நாள் முழுவதும் நடந்து வீங்கியிருக்கும் மாலை ஆறு மணிக்கு மேல், மலைக்குப் போடும் தடித்த காலுறையையும் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நாற்பது சதவீதத் தள்ளுபடியில் ஓர் அருமையான தோல் ஷூவைக் காட்டினார்கள். முன்பாக இருந்தால் மறுபேச்சில்லாமல் வாங்கியிருப்பேன். இம்முறை அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, விலை ஒட்டியிருக்கும் தாளில் தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் பார்த்தேன்: மூன்று ஆண்டுகளுக்கு முந்தையது. நடு அடுக்கு என்னவென்று கேட்டால், பாலியூரித்தேன். அந்த நுரைக்கு வயது, நான் பணம் கொடுக்கும் நாளில் தொடங்குவதில்லை. ஆலையை விட்டு வெளியே வந்த அன்றே தொடங்கிவிடுகிறது. கடைக் கிடங்கும் ஒரு பரண்தானே. தள்ளுபடியை வைத்துவிட்டு, ஆறு மாதத்துக்கு முன் தயாரான, ஈவிஏ என்ற வேறு நுரை வைத்த ஷூவை முழு விலைக்கு, 4,300 ரூபாய்க்கு வாங்கினேன். ஈவிஏ ஈரத்தில் இப்படி மக்குவதில்லை. நடக்க நடக்க அமுங்கித் தட்டையாகும். அதாவது, அது உழைத்துச் சாகும். ஆண்டுக்கு மூன்று முறை மட்டும் மலை ஏறுகிற என்னைப் போன்ற ஆளுக்கு அதுவே ஏற்றது என்பது என் முடிவு; வாரம் தவறாமல் பாரம் சுமந்து நடப்பவர் வேறு முடிவுக்கு வரலாம்.

வழக்கமான எட்டாம் எண் விற்பவருக்குச் சரியாகப் பட்டது. “ரெண்டு நாள் போட்டா லூசாயிரும் சார்” என்றார். அகலம் சற்றுத் தளரலாம், நீளம் தளராது. கடை மாடியிலிருந்து கீழே இறங்கும் படிகளில் நடந்து பார்த்தேன். மூன்றாம் படியிலேயே பெருவிரல் முன்னால் இடித்தது. மூன்று நாள் நடையின் கடைசி நாள் முழுக்க இறக்கம் என்பதையும், இடித்துக்கொண்டே இருந்தால் நகம் கறுத்து விழும் என்பதையும் எண்ணி, ஒன்பதாம் எண்ணைப் போட்டு மறுபடி படி இறங்கினேன். விரலுக்கு முன்னால் கட்டை விரல் அகலம் இடம் இருந்தது. என்னோடு சேர்ந்து நான்கு முறை படி இறங்கிய விற்பனைப் பையன் பொறுமைசாலி.

முதல் வாரம் வீட்டுக்குள்ளும் காய்கறிக் கடைக்கும் அந்த ஷூவோடுதான் போனேன். அடுத்தடுத்த ஞாயிறுகளில், முதுகுப்பையில் முதலில் ஐந்து, பிறகு எட்டு கிலோ அரிசியை வைத்துக்கொண்டு, கடையம் பக்கத்தில் உள்ள தோரணமலை முருகன் கோயிலுக்கு ஏறினேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். அகத்தியரோடும் தேரையரோடும் சேர்த்துச் சொல்லப்படும் மலை என்பதால் பொதிகைக்கு முன்னுரையாகவும் அமைந்தது. முதல் ஞாயிறு இடது குதிகால் ஓரத்தில் சிவந்தது. லேஸைக் கணுக்காலருகே ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி இறுக்கிக் கட்டியதும் குதிகால் மேலெழும்புவது நின்றது. இரண்டாம் ஞாயிறு சிவக்கவில்லை. பதிலுக்குப் பையின் வலது தோள்பட்டை, கழுத்தோரம் உராய்ந்து நூல் பிரிவது தெரிந்தது. பரணிலிருந்து இறக்கிய அன்று இழுத்துப் பார்த்தபோது தப்பிய தையல் அது.

மறுநாள் பையை வேப்பமரத்தடி அண்ணாச்சியிடமே எடுத்துப் போனேன். என் பழைய ஷூவை அவரிடமே விட்டுவிட்டு வந்திருந்தேன். சோல் இரண்டும் குப்பைக்குப் போய்விட்டன, மேல்தோலை மட்டும் அறுத்துச் சுருட்டித் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அதில் ஒரு துண்டை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, தோள்பட்டைக்கு அடியில் வைத்து, மெழுகு நூலால் நான்கு வரி தைத்தார். “இந்தத் தோலுக்கு இன்னும் இருவது வருசம் ஆயுசு கெடக்கு” என்றபடி நூலைப் பல்லால் கடித்து அறுத்துப் பையை என் பக்கம் தள்ளினார். கூலி அறுபது ரூபாய்.